பூசாமல் விட்ட கை

அலைவாய்த் தெருவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டும் வரவில்லை என்றால் போய்விட்டு மறுபடி வருவார்கள், வீடே தீப்பிடித்து எரிந்தாலும் கூவிக் கூட்டம் சேர்ப்பார்களே தவிர விரலை மடக்கிப் பலகையில் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது கார் வாங்க வருகிறவன் செய்கிற வேலை, அது அந்தத் தெருவின் வயிற்றில் அடிக்கிற வேலை. முதுகில் தட்டிக்கொடுக்கிற பழக்கமும் அங்கே கிடையாது. பரீட்சையில் தேறிய பிள்ளையைக்கூடத் தலையைத் தடவித்தான் அனுப்புவார்கள்.

தெருவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் வீசுகிற காற்றில் சுவரில் அடித்த ஆணிகூட ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அப்படிப்பட்ட இடத்தில் போய் இரும்புத் தொழிலை வைத்தார்கள் என்றால் அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். எங்கெங்கோ தோட்டத்திலும் மாட்டுத்தொழுவத்திலும் கோழி முட்டையிட்டு அடைகாக்க இடமாகிக் கிடந்த பழங்காலத்துக் கார்கள் லாரியில் ஏறி அந்தத் தெருவுக்கு வந்து சேரும். வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில், பழைய கார் மோகம் பிடித்த நகரத்துப் பணக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் பெருமூச்சு விடும்படி, புதுப்பெண்ணாகி வாசலில் நிற்கும். துருப்பிடித்த இடத்தை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எறிந்துவிட்டு அங்கே புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் முறை என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெட்ட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் பட்டி என்கிற கெட்டிப் பசையைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காரின் எலும்பான அடிச்சட்டத்துக்குக் கீழே கன்னங்கரேலென்று தார் மாதிரி ஒரு பூச்சும் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த வேலையில் சந்தியாகுவை மிஞ்ச ஆள் இல்லை. அவர் ஒட்டுப்போட்ட இடத்தை அவரே மறுவாரம் தேடினால் கிடைக்காது. அந்தத் தெருவிலிருந்து போன கார் ஒன்று நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மடிந்து, உள்ளே இருந்த ஒரு குடும்பமே போய்விட்டது என்று ஒருமுறை செய்தி வந்தது. அன்றைக்கு ஒரு பட்டறையிலும் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. எல்லாரும் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார்கள், உண்மையாகவே அழுதார்கள், மறுநாள் உப்புத்தாளை எடுத்தார்கள்.

கடலிலிருந்து ஈரக் கொண்டல் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில் சந்தியாகுவின் மனைவி அலங்காரம் படுக்கை விரிப்பை உதறினாள். அதிலிருந்து செங்கல் நிறத்தில் பொடி கொட்டியது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தாள்; இரும்புக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க, உங்க இடது கால் துருப்பிடிக்கி," என்றாள்.

சந்தியாகு வேட்டியை விலக்கிக் கணுக்காலைப் பார்த்தார். தோல் இருந்த இடத்தில் சொரசொரவென்று செதில் எழும்பியிருந்தது. நகத்தால் கீறினார், ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது, வலிக்கவில்லை.

"கடல் காத்துல்லா," என்றார். "காப்பியக் கொண்டா."

அந்தச் செய்தியைத் தெரு ஏற்றுக்கொள்ள வெகுநேரம் ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய சிவப்பைத் துடைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டால் மேலே பரவாது என்றார், அதற்குமேல் ஏதாவது வேண்டுமென்றால் பட்டறையில்தான் கேட்க வேண்டும் என்றார். பங்குச்சாமியார் வந்து மந்திரித்த எண்ணெய் பூசினார், அது மற்ற எண்ணெய்கள் செய்கிற அளவுக்கு நல்லது செய்தது. குளிப்பதற்குப் பதிலாக அலங்காரம் அவரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டாள், மழை வந்தால் பக்கத்து வீட்டார் ஓடிவந்து தார்ப்பாயைப் போர்த்தினார்கள், அவர் உட்கார்ந்து எழுந்த இடங்களில் உதிர்ந்த பொடியை அள்ளிக்கொண்டு போய்த் தெருப்பிள்ளைகள் பாண்டி விளையாடக் கட்டம் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் அதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டு, போகிற போக்கில், "அண்ணாச்சிக்கு முழங்கால் வரைக்கும் வந்திருச்சாமே" என்று ஒரு வார்த்தை கேட்பதோடு சரி.

இந்தச் சமயத்தில்தான் மகள் செசிலிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், கதையில் அவனுக்கு அதற்குமேல் வேலையில்லை. அவனுடைய தாய்மாமன் தொபியாஸ் என்பவர்தான் தெருவையே நடுங்க வைத்தார், ஏனென்றால் பழைய கார் வாங்குகிறவர்களில் அலைவாய்த் தெருவிலிருந்து ஒரு காரைக்கூட இதுவரை வாங்காத ஆள் அவர் ஒருவர்தான். பெண்ணைப் பார்க்க வந்த அன்று, பலகாரம் வருவதற்குள், சந்தியாகு வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரின் பக்கம் அவர் கண் போய்விட்டது. பக்கத்துப் பட்டறை ராயப்பன், பட்டி பூசுவதிலும் பெயிண்ட் அடிப்பதிலும் சந்தியாகுவின் வலது கை மாதிரி இருந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கல்யாண ஊர்வலத்துக்கு இதையே எடுத்துக்கிடலாமே, பாருங்களேன்" என்றார்.

தொபியாஸ் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தார், மூடும்போது காதைக் கொடுத்துக் கேட்டார், கதவுக்கும் உடம்புக்கும் இடையே மேலே ஒரு விரலும் கீழே அரை விரலுமாக இடைவெளி ஓடியதைக் கவனித்தார், பையிலிருந்து நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவடியில் வைத்தார், அது ஒட்டாமல் வழுக்கித் தொங்கியது, அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு, ஒரு சாக்கை விரித்து மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். பெண் பார்க்க வந்த சம்பந்தி தெருவில் மல்லாந்து கிடப்பதைப் பார்க்க வீட்டுக்கு வீடு ஆள் வந்துவிட்டது.

"இந்தக் கருப்பு எப்பப் பூசினது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"போன வாரம்," என்றார் ராயப்பன்.

"அறுவது வருசத்துக் காருக்குப் போன வாரம் எதுக்குப் பூசணும், மறைக்கதுக்கு இல்லாம? தண்ணி வடியதுக்கு விட்ட ஓட்டையெல்லாம் அடைச்சிட்டிய. தகட்டு மேல தகடு வச்சிருக்கிய. அந்த நடுவுல ஈரம் போயி உக்காந்தா எப்பிடி வெளிய வரும்? வெளிய தெரியுத துரு கூச்சப்பட்டு மெதுவாத்தான் திங்கும். மூடி வச்ச துரு கேப்பாரில்லாமத் திங்கும்."

பேசிக்கொண்டே தலையைத் திருப்பியவர் பேச்சை நிறுத்தினார். காரின் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் இடையில் அவருக்கு எதிரே இரண்டு பாதங்கள் நின்றன. ஒன்று மனிதப் பாதம். மற்றொன்றின் கணுக்காலிலும் புதுக் கருப்புப் பூச்சு பளபளத்தது.

தொபியாஸ் வெளியே வந்து தூசியைக்கூடத் தட்டாமல் சந்தியாகுவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சம்மந்தி," என்றார், "தட்டிப் பாக்கட்டுமா?"

அந்த வார்த்தையை ஒரு காரைப் பார்த்துச் சொன்னாலே சண்டை வரும். சந்தியாகு மகளைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள், அவரும் தலையசைத்தார். தொபியாஸ் விரலை மடக்கிக் கணுக்காலில் தட்டினார். தொப் என்றது. முழங்காலிலும் தொப் என்றது. முழங்காலுக்கு மேலே நான்கு விரல் தள்ளித் தட்டியபோது டங் என்று ஒரு சத்தம் எழுந்து தெருக்கோடிவரை போனது.

"இதுக்கு மேல நல்ல இரும்பு," என்றார் தொபியாஸ். "இன்னைக்கே இந்த எடத்துல வெட்டிருவோம். ஒரு கால் போவும், மனுசன் நிப்பாரு."

"நான் பிள்ளயக் கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போணுமே."

"ஒத்தக் காலோட கூட்டிட்டு வாங்க. எங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நான் சொல்லுதேன்."

"ஊரு சொல்லுமே சம்மந்தி."

தொபியாஸ் சட்டையைப் போட்டுக்கொண்டார். கார் வேண்டாம் என்றார், பெண் சரி என்றார். போகும்போது செசிலியைத் தனியாகக் கூப்பிட்டு, "தாயி, உங்கப்பாவ மூட விடாத" என்று மட்டும் சொன்னார்.

செசிலி அவளால் முடிந்ததெல்லாம் செய்தாள். கெஞ்சினாள், சாப்பிடாமல் கிடந்தாள், கல்யாணமே வேண்டாம் என்று ஒருமுறை கல்யாணச் சேலையை வீசி எறிந்தாள். "அப்பா, கால் போனாப் போவுது, எனக்கு நீங்க வேணும்ப்பா," என்று அவருடைய மடியில் விழுந்து அழுதாள், எழுந்தபோது அவள் கன்னமெல்லாம் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"கல்யாணம் முடியட்டும் பிள்ள," என்றார் சந்தியாகு. "மறுநாளே வெட்டிக்கிடுதேன். உன் மேல சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. உயிர்மேல் ஆசையுள்ள மனிதர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க வெட்டாமல் மூடியே பேர் வாங்கிய ஆள், தன் காலுக்கு வரும்போது மட்டும் எப்படி வெட்டுவார்? கல்யாண நாள் என்பது கார் வாங்க ஆள் வருகிற நாள் மாதிரி, அன்றைக்குப் பளபளவென்று நின்றுவிட்டால் போதும் என்றுதான் அவருக்கும் தெருவுக்கும் தோன்றியது. வேறு மாதிரி நினைக்க அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ராயப்பன் தகடு வெட்டினார். "அண்ணனுக்கு நான் செய்யாம யாரு செய்வா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெண்டைக்கால் வளைவுக்குத் தக்கபடி தகட்டைத் தட்டித் தட்டி வளைத்து, பொறி முகத்தில் தெறிக்காமல் ஈரத்துணி போட்டு மூடி, பற்றவைத்தார். பட்டி குழைத்துப் பூசினார். காப்பிக்கொட்டை நிறமும் மஞ்சளும் துளிச் சிவப்பும் கலந்து, வெயிலில் சந்தியாகுவின் கன்னத்துக்குப் பக்கத்தில் அதைத் தடவிய தகரத்தைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து, அவர் தோலின் நிறத்தைக் கண்டுபிடித்தார். அந்த நிறத்தைப் பார்க்கத் தெருவே வந்து வியந்தது. கொஞ்ச நாளில் பெயிண்டுக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பியது. அதைச் சுரண்டி மறுபடி பூசினார்கள். தொடையில் எழும்பியது, இடுப்பில் எழும்பியது, தோளில் எழும்பியது, எழும்பிய இடத்திலெல்லாம் தகடு வைத்தார்கள், சாயங்காலம் ஆனால் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து உப்புத்தாளோடு வந்து பேசிக்கொண்டே அவரைத் தேய்த்துக் கொடுத்தார்கள், ஒருவரும் கூலி கேட்கவில்லை, அவ்வளவு பிரியம் அவர்மேல். அந்தப் பிரியத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வெறுப்பில் செய்திருந்தால் யாராவது ஒருவர் பாதியில் நிறுத்தியிருப்பார்.

வலது கையில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. காலமெல்லாம் கிரீஸிலும் எண்ணெயிலும் ஊறிய கை அது, வெல்டிங் தெறித்த தழும்பும் நகக்கண்ணில் தங்கிய அழுக்குமாகக் கருகருவென்று இருந்தது, பட்டி வைத்தால் காய்ந்து உரிந்து விழுந்துவிடும். ராயப்பனுக்கு அது பெரிய மானக்கேடாகப் போய்விட்டது. கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு வெள்ளைக் கையுறை வாங்கி மாட்டிவிட்டார்.

கல்யாணத்தன்று சந்தியாகுவைப் பார்த்தவர்கள் எல்லாம், மாப்பிள்ளையைவிடப் பெண்ணின் அப்பாதான் இளமையாக இருக்கிறார் என்றார்கள். கோயில் வாசலில் செசிலி அவருடைய கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு வெறும் கையைப் பிடித்துக்கொண்டாள். பீடம்வரை நடந்தார்கள். ஆர்மோனியம் ஒலித்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவருக்குள்ளே மேலிருந்து கீழாக மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம் போய்க்கொண்டே இருந்ததை, கையைப் பிடித்திருந்த செசிலி கேட்டாள். அவளுக்கு மட்டும்தான் அது கேட்டது. அவள் அழுததைப் பார்த்தவர்கள், அப்பா வீட்டை விட்டுப் போகிற பிள்ளை அழத்தான் செய்யும் என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் செசிலி தொபியாஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கட்டரும் வெல்டிங் சாமானும் கொண்டுவந்திருந்தார். சந்தியாகு கொடுத்த வாக்குப்படி முற்றத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். படுத்த பிறகு அவரால் எழ முடியவில்லை.

முழங்காலுக்கு மேலே, அன்றைக்கு டங் என்ற இடத்தில் தொபியாஸ் பெயிண்டைச் சுரண்டினார். பட்டி பெயர்ந்தது, தகடு பெயர்ந்தது, தகட்டுக்கு உள்ளேயிருந்து ஈரமான சிவப்புச் சேறு வழிந்தது. இன்னும் மேலே போனார். இடுப்பில் திருப்புளியின் நுனியை வைத்தவுடன் அது தானாக உள்ளே போய்விட்டது. அவர் திருப்புளியை உருவிவிட்டு எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ தட்டிப் பாரு தாயி. என்னால முடியல."

அலைவாய்த் தெருவில் பிறந்து வளர்ந்த செசிலி வாழ்க்கையில் முதல்முறையாக விரலை மடக்கினாள். அப்பாவின் வயிற்றில் தட்டினாள், தொப் என்றது. விலாவில் தட்டினாள், நெஞ்சில் தட்டினாள், இரண்டு தோளிலும் தட்டினாள், தொப், தொப் என்று அந்தச் சத்தம் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போனது, வாசலில் கூடி நின்றவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் தங்கள் மேலேயே அடி விழுந்ததுபோல் ஒடுங்கினார்கள். ராயப்பன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கெடச்சுதா பிள்ள?" என்றார் சந்தியாகு. கண் திறந்துதான் இருந்தது.

"இன்னும் இல்லப்பா."

"நல்லாத் தேடு. எங்கயாவது இருக்கும். நான் அவ்வளவு மோசமா இல்ல."

"தேடுதேம்ப்பா."

அவள் கழுத்தில் தட்டினாள், இடது கையில் தோளிலிருந்து விரல்வரை தட்டினாள், கடைசியாக வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, யாருமே பூசாத அந்தக் கையின் புறங்கையில் தட்டினாள். டங் என்றது. கோயில் மணி மாதிரி அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நேரம் நின்று ஒலித்தது, கூரையில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன, அலங்காரம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "கெடச்சிருச்சா? கெடச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"கெடச்சிட்டுப்பா," என்றாள் செசிலி.

சந்தியாகுவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? நான் சொன்னேம்லா. அது போதும்லா, அத வச்சு மத்ததக் கட்டிரலாம்லா?"

தொபியாஸ் வெல்டிங் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பற்றவைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் கொஞ்சம் இரும்பு வேண்டும். மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் துருவைத் தவிர எதுவும் இல்லை. அவர் செசிலியைப் பார்த்தார், செசிலி அப்பாவைப் பார்த்தாள்.

"போதும்ப்பா," என்றாள்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் அவர் போய்விட்டார். கட்டிலுக்குக் கீழே அவரிடமிருந்து உதிர்ந்த பொடி சிவப்பாக ஒரு குவியலாகக் கிடந்தது.

ராயப்பன் போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். செசிலி அவரைப் பார்த்த பார்வையில் வாசலிலேயே நின்றுவிட்டார். அலங்காரம்தான் மகளின் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஊரே பாக்க வரும். உங்கப்பாவ இப்பிடி வச்சு நான் காட்டுவனா? ஒரே ஒரு கோட்டு. அம்மாவுக்காவ."

செசிலி அந்தத் தெருவின் பெண். அம்மா அழுவதை அவளால் தாங்க முடியவில்லை. டப்பாவை வாங்கி, யாரையும் தொடவிடாமல் அவளே உட்கார்ந்து, பட்டி பூசித் தேய்த்து, நிறத்தைக் கலக்கி, நெற்றியிலிருந்து பாதம்வரை பூசி முடித்தாள். அப்பாவிடமிருந்து அவளுக்கு அந்தக் கைவரிசை வந்திருந்தது, இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. வந்தவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, உயிரோடு படுத்திருக்கிற மாதிரியே இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். வலது கையை மட்டும் அவள் பூசவில்லை.

"வேல சுத்தமா இருக்கு தாயி," என்றார் ராயப்பன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அந்தக் கை ஒண்ணுதான் கண்ண உறுத்துது. மொத்த வேலையையும் கெடுக்கு. ஒரு சொட்டு வச்சு முடிச்சிருவோமா?"

பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். எல்லாருக்குமே அந்தக் கைதான் குறையாகத் தெரிந்தது. செசிலி அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள், ஆட்கள் வந்து அவளைப் பிரித்து எடுக்கும்வரை விடவில்லை. பிறகு பெட்டியை மூடினார்கள், அந்தத் தெருவில் எதையும் மூடுகிற மாதிரியே, இடைவெளி தெரியாமல், நேர்த்தியாக.